பிடிக்கலாம்... அடிக்கலாமா?

திருடனை மடக்கிப் பிடிக்கும் பொதுமக்களுக்குச் சட்டம் தரும் அதிகாரம் எவ்வளவு? அதைத் தாண்டினால் என்ன ஆகும்? ஓசூர் தொழிற்பேட்டையை முன்வைத்து ஓர் அலசல்

மூக்கண்டப்பள்ளியில் இரவு ஷிப்ட் மாறும் நேரம். சிப்காட் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போக, டீக்கடை வாசலில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒடியாவும் கலந்து கேட்கும். இப்படி ஒரு கூட்டத்தில்தான் திடீரென்று ‘புடி... புடி... திருடன்’ என்று ஒரு குரல் கிளம்பும். ஓடுகிறவரின் சட்டைக் காலரில் முதல் கை விழும். இரண்டாவது ஆள் அவர் பாக்கெட்டைத் துழாவுவார். மூன்றாவதாக வருபவர் என்ன, ஏது என்று கேட்காமலே ஓர் அறை விடுவார். யாரோ கயிறு கொண்டுவருவார்கள். மின்கம்பம் பக்கத்திலேயே இருக்கும். பத்துப் பதினைந்து செல்போன்கள் உயரும். போலீஸ் வந்து சேரும்போது, உதடு கிழிந்த ஒருவர் கம்பத்தில் சாய்ந்து கிடப்பார். மறுநாள் பேப்பரில் ஒற்றை வரிச் செய்தி வரும்: பொதுமக்கள் மடக்கிப் பிடித்து, தர்ம அடி கொடுத்து, போலீஸில் ஒப்படைத்தனர். ஓசூர் என்றில்லை, தமிழ்நாட்டின் எந்தத் தொழில் நகரத்துக்கும் இந்தக் காட்சி அப்படியே பொருந்தும்.

அந்த ஒற்றை வரியில் மூன்று செயல்கள் இருக்கின்றன. மடக்கிப் பிடித்ததைச் சில நிபந்தனைகளோடு சட்டம் அனுமதிக்கிறது. போலீஸில் ஒப்படைத்ததைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. நடுவில் வரும் அடிக்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அது தண்டனைக்குரிய குற்றம். ஆனால், செய்தியாகப் படிக்கும்போது மூன்றும் ஒரே நற்காரியத்தின் மூன்று படிகள் போலத் தோன்றுகின்றன. ஆபத்து தொடங்குவது இங்கேதான். குடிமக்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கைது அதிகாரம் மிகக் குறுகியது, மிகக் குறைந்த நேரத்துக்கானது. அதைத் தாண்டும் நொடியில், பிடித்தவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறத் தயாராகிவிடுகிறார். முன்பின் அறிமுகமில்லாதவர்கள் நெருக்கியடித்து வாழும் ஓசூர் போன்ற ஓர் ஊரில், அந்தக் குறுகிய எல்லைதான் அப்பாவி ஒருவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிற்கும் ஒரே தடுப்பு.

40-ஆவது பிரிவு சொல்வது என்ன?

பிரிட்டிஷ் காலத்து 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 59-ஆவது பிரிவாகவும், 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 43-ஆவது பிரிவாகவும் இருந்தது இந்த அதிகாரம். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) இது 40-ஆவது பிரிவு. அதன்படி தனிநபர் ஒருவர் இரண்டு வகையினரை மட்டுமே கைது செய்யலாம். ஒன்று, நீதிமன்றம் முறைப்படி ‘பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி’ என்று அறிவித்தவர். மற்றொன்று, அந்தத் தனிநபரின் முன்னிலையிலேயே குற்றம் செய்பவர். அதுவும் எந்தக் குற்றமாக இருந்தாலும் ஆகாது. பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீனில் வெளிவர முடியாததாகவும், இரண்டு தன்மையும் சேர்ந்த குற்றமாக அது இருக்க வேண்டும். பிடித்தவரைத் தேவையற்ற தாமதமின்றிப் போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அதிகாரி இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதம் என்றால் எவ்வளவு என்று பழைய சட்டம் சொல்லவில்லை. புதிய சட்டம் அதற்கு ஆறு மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

‘முன்னிலையில்’ என்ற நிபந்தனையே இந்தப் பிரிவின் உயிர்நாடி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், வாட்ஸ்அப்பில் படம் வந்தது, நேற்று சிசிடிவியில் பார்த்த முகம் மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் இதில் சேராது. நியாயமான சந்தேகத்தின் பேரில் கைது செய்யும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு, குடிமகனுக்குக் கிடையாது. இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததல்ல. போலீஸ் சந்தேகத்தின் பேரில் ஒருவரைப் பிடித்தால், காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், தவறினால் மேலதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தெருவில் கூடும் கூட்டத்துக்கு இப்படி எந்தக் கடிவாளமும் இல்லை. ஆகவேதான் சந்தேகத்தை அதன் கையில் சட்டம் கொடுக்கவில்லை.

---
பெட்டிச் செய்தி: பிடித்தவர் செய்யக் கூடியதும் கூடாததும்

● தப்பி ஓடாமல் தடுக்கத் தேவையான அளவு மட்டுமே பலப்பிரயோகம் செய்யலாம். தேவைக்கு மீறிக் கட்டிவைப்பதற்கு இடமில்லை.

● பிடிபட்டவர் கையில் ஆயுதம் இருந்தால் வாங்கி வைத்து, அதைப் போலீஸிடம் கொடுக்கலாம். உடலையும் பையையும் சோதனை போடும் அதிகாரம் ஒப்படைப்பைப் பெறும் போலீஸ் அதிகாரிக்கே உண்டு.

● மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு, கைது செய்யும் முயற்சியில் மரணம் விளைவிக்க யாருக்கும் உரிமையில்லை.

● சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யச் சட்டம் தடை விதிக்கிறது. விதிவிலக்கான சூழலில் பெண் போலீஸ் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடுதான் செய்ய முடியும்.

● விசாரணை செய்வது, ஒப்புதல் வாங்குவது, அபராதம் போடுவது எதுவும் குடிமகன் வேலை அல்ல.
---

பட்டியல் தெரியாமல் பிடித்தால்...

எந்தக் குற்றம் ஜாமீனில் வரக்கூடியது, எது வர முடியாதது என்பது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வழக்கறிஞர்களே புரட்டிப் பார்த்துச் சொல்லும் அந்தப் பட்டியலை, ஓடுகிறவரின் பின்னால் ஓடுகிறவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நடைமுறையில் இது என்ன ஆகும்? வழியில் போகிறவரின் கையிலிருந்து செல்போனைப் பறித்து ஓடுவது, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 304-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம், பார்த்தவர் பிடிக்கலாம். தொழிலாளர் தங்கும் அறைக்குள் நுழைந்து சார்ஜில் கிடக்கும் போனை எடுப்பது 305-ஆவது பிரிவு, அங்கேயும் பிடிக்கலாம். ஆனால், கடை வாசலில் கிடந்த 500 ரூபாய்ப் பொருளை ஒருவர் எடுத்துக்கொண்டு நடந்தால்? 5,000 ரூபாய்க்கும் குறைந்த மதிப்புள்ள திருட்டில், முதல்முறை தண்டிக்கப்படுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சமூக சேவையே தண்டனை என்கிறது 303-ஆவது பிரிவு. அத்தகைய திருட்டை, பிடியாணையின்றிப் போலீஸே கைது செய்ய முடியாத, ஜாமீன் கிடைக்கும் குற்றமாக அட்டவணை வகைப்படுத்தியிருக்கிறது. தெருவில் அதிகம் அடி வாங்குவது இந்தச் சில்லறைத் திருடர்கள்தான். அவர்கள் விஷயத்தில்தான் குடிமகனின் அதிகாரம் ஏறத்தாழ இல்லை.

நெடுஞ்சாலைக்கு வாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரி மோதி ஒருவர் இறந்தால், டிரைவரை இழுத்துப் போட்டு அடிப்பதைத் தங்கள் உரிமையாகவே கூட்டம் நினைக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பி.என்.எஸ். 106(1) பிரிவின்படி ஜாமீனில் வரக்கூடிய குற்றம். ஆகவே 40-ஆவது பிரிவு இங்கே பொருந்தாது. விபத்தைப் போலீஸுக்குச் சொல்லாமல் தப்பும் டிரைவருக்குப் பத்தாண்டு வரை தண்டனை தரும் 106(2) உட்பிரிவோ, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பின், மற்ற பிரிவுகளோடு சேர்த்து அமலுக்குக் கொண்டுவரப்படவில்லை. இன்னொரு பக்கம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவைப் பாருங்கள். காயமடைந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது டிரைவரின் கடமை என்று சொல்லும் அதே வரி, கூட்டத்தின் ஆவேசத்தால் அது முடியாத நிலையை விதிவிலக்காக ஏற்கிறது. அடிக்கப் பாயும் கூட்டம், அடிபட்டுக் கிடப்பவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய முதல் உதவியையும் விரட்டிவிடுகிறது என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் விசித்திரம், பிள்ளைக் கடத்தல். ஊரையே வெறிகொள்ள வைக்கும் இந்தக் குற்றம், அதன் சாதாரண வடிவத்தில் (பி.என்.எஸ். 137) ஏழாண்டுத் தண்டனைக்குரியது என்றாலும் அட்டவணையில் ஜாமீனில் வரக்கூடியதாகவே இருக்கிறது. பணயத்துக்காகவோ கொலைக்காகவோ பிச்சையெடுக்க வைக்கவோ கடத்துவதும், ஆள்கடத்தல் வணிகமும் ஜாமீனில் வர முடியாதவை. அப்படியானால் கண்ணெதிரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கைகட்டி நிற்க வேண்டுமா? இல்லை. அங்கே தற்காப்பு உரிமை வருகிறது. தன் உடலை மட்டுமல்லாமல் அடுத்தவர் உடலைக் காக்கவும் பி.என்.எஸ். அனுமதிக்கிறது, கடத்தும் நோக்கத்தோடு நடக்கும் தாக்குதலை எதிர்க்கையில் அந்த உரிமை உச்ச அளவுக்கு விரிகிறது. ஆனால், குழந்தை பத்திரமாகக் கைக்கு வந்த நொடியில் அந்த உரிமையும் முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு விழும் ஒவ்வோர் அடியும் பழிவாங்கல், தற்காப்பு அல்ல.

அட்டப்பாடி: பிடித்துக் கொடுத்தவர்களுக்கு ஏழாண்டு

இந்த எல்லையைத் தாண்டியவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு, கோவைக்கு மிக அருகே, கேரளத்தின் அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22 அன்று நடந்ததைப் போல் தெளிவான சான்று வேறில்லை. கடைகளில் அரிசியும் சாமான்களும் திருடினார் என்று சொல்லி, மனநலம் குன்றிய பழங்குடி இளைஞர் ஒருவரைக் காட்டுக்குள் தேடிச் சென்று பிடித்தார்கள். அவர் கட்டியிருந்த துணியாலேயே கைகளைக் கட்டினார்கள். மூட்டையைத் தோளில் ஏற்றி, அடித்து, முக்காலி வரை நடத்திவந்து, அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பிறகு போலீஸை வரவழைத்து ஒப்படைத்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் போலீஸ் ஜீப்பிலேயே அவர் உயிர் பிரிந்தது. 16 பேர் மீது வழக்கு. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள், விசாரணை இழுத்தது. ஆனாலும் 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 13 பேருக்குத் தலா ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் அட்டப்பாடிக்காரர்கள் செய்தது ‘பிடித்து, தர்ம அடி கொடுத்து, ஒப்படைத்தனர்’ என்ற அதே வரிசைதான். போலீஸில் ஒப்படைத்ததால் அவர்கள் தப்பவில்லை. திருட்டு அவர்கள் கண்முன் அன்று நடக்கவில்லை. ஆகவே கைது செய்யும் அதிகாரமே இல்லை. அதிகாரம் இல்லாத பிடிப்பு, சட்டத்தின் பார்வையில் முறையற்ற அடைப்பு. அதன்மேல் விழுந்த அடி, கொலையாகாத மரண விளைவிப்பு வரை வளர்ந்தது. அடித்தவர்கள் தொழில்முறை ரவுடிகள் அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. கடைக்காரர்கள், ஓட்டுநர்கள் என ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர்கள். தங்களை அவர்கள் குற்றவாளிகளாக ஒருபோதும் நினைத்திருக்க மாட்டார்கள். செல்ஃபி எடுத்ததே அதற்குச் சாட்சி. அந்தப் படங்களே பிறகு அவர்களுக்கு எதிராகப் பேசின.

---
பெட்டிச் செய்தி: எல்லை மீறினால் என்ன வழக்கு? (பி.என்.எஸ். பிரிவுகள்)

● வழிமறித்துத் தடுத்தல் – 126: ஒரு மாதம் வரை சிறை.

● முறையின்றி அடைத்து வைத்தல் – 127: ஓராண்டு வரை. ஒப்புதல் வாங்கவோ பொருளைத் திரும்பப் பெறவோ அடைத்து வைத்தால் மூன்றாண்டு வரை.

● ஒப்புதல் வாங்க அடித்தல் – 120: ஏழாண்டு வரை. கொடுங்காயமானால் பத்தாண்டு வரை.

● இனம், சாதி, மொழி, பிறந்த ஊர் போன்ற காரணங்களுக்காக ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ கொண்ட கும்பல் கொடுங்காயம் விளைவித்தால் – 117(4): ஏழாண்டு வரை. கொலையே செய்தால் – 103(2): கும்பலில் ஒவ்வொருவருக்கும் ஆயுள் அல்லது மரண தண்டனை.

● சட்டவிரோதக் கூட்டத்தில் உறுப்பினராக இருந்தாலே, பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு – 190.
---

‘வடக்கத்தியான்’ என்ற சந்தேகம்

அட்டப்பாடியில் பிடிபட்டவர் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தவர். தெரியாதவர் என்றால் ஆபத்து இன்னும் கூடுகிறது. அதே 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பரவியது. மே 9 அன்று, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் போளூர் அருகே அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் சென்னையைச் சேர்ந்த 60 வயதைக் கடந்த பெண்மணி ஒருவர். அவர் வந்த காரை விரட்டி மடக்கி அடித்ததில் அவர் இறந்தார். உடன் வந்த உறவினர்கள் படுகாயமடைந்தார்கள். இரண்டு வாரங்களில், மே 23 அன்று, பெங்களூரு சாம்ராஜ்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த இளைஞர் ஒருவர் அதே வதந்திக்குப் பலியானார். கை காலைக் கட்டித் தெருவில் இழுத்து அடித்தார்கள். இரண்டு இடங்களிலும் எந்தக் குழந்தையும் கடத்தப்படவில்லை. இரண்டு இடங்களிலும் அடித்தவர்கள் தாங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகவே நம்பினார்கள்.

மூக்கண்டப்பள்ளி இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருக்கிறது. ஓசூர் சிப்காட்டின் முதல் கட்டம் எழுந்த இடம். 2019-இல் மாநகராட்சியான ஓசூரின் தொழிற்சாலைகளில் பீகார், ஜார்கண்ட், ஒடிசா, அசாம் தொழிலாளர்கள் வேலை பார்க்கிறார்கள். ஓர் அறையில் பலர் தங்கி, ஷிப்ட் முறையில் தூங்குகிறார்கள். நள்ளிரவில் தெருவில் நடப்பதும், முகவரி தெரியாமல் கதவைத் தட்டுவதும், கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பதும் இவர்களுக்கு அன்றாடம். சந்தேகப்படக் காத்திருக்கும் கண்ணுக்கு இவை மூன்றுமே ‘ஆதாரம்’. ‘பேர் என்ன, ஊர் என்ன’ என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் அதட்டினால், மொழி தெரியாதவர் செய்யக்கூடியது ஓடுவது ஒன்றுதான். ஓடினால் திருடன் என்பது உறுதியாகிவிடுகிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற போலி வீடியோக்கள் கிளப்பிய பீதியும், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துப் போனதும் நினைவிருக்கலாம். அன்று பொய்யாக இருந்ததை, ஒரே ஒரு தெருக்கூட்டம் உண்மையாக்கிவிட முடியும். அதன் விலையை அந்தத் தெரு மட்டும் தராது. இந்தத் தொழிற்பேட்டையே தர வேண்டியிருக்கும்.

உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17 அன்று தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் இதற்காகவே விரிவான வழிகாட்டுதல்களைத் தந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும், வதந்தி பரவும் பகுதிகளை முன்கூட்டியே கண்காணிக்க வேண்டும், கும்பல் வன்முறை வழக்குகளை விரைவு நீதிமன்றத்தில் கூடுமானவரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. சட்டத்தைக் கையில் எடுக்க எந்தக் கூட்டத்துக்கும் உரிமையில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

கேட்டுக்கு உள்ளே

தொழிற்பேட்டையில் இந்த அதிகாரத்தை அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் தெருவில் போகிறவர்கள் அல்ல. கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகள். காக்கிச் சாயலில் உடையும் கையில் லத்தியும் இருப்பதால் தங்களுக்குப் போலீஸ் அதிகாரம் உண்டு என்று அவர்களில் பலர் நினைக்கிறார்கள். தொழிலாளர்களும் அப்படியே நம்புகிறார்கள். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் அவர்களுக்குக் கைது அதிகாரம் எதையும் தரவில்லை. 40-ஆவது பிரிவு உங்களுக்கும் எனக்கும் தருவது எவ்வளவோ, அவர்களுக்கும் அவ்வளவே. கேட்டில் பையைத் திறந்து காட்டச் சொல்வது, வேலை ஒப்பந்தத்தின்படி தொழிலாளி சம்மதித்திருப்பதால் நடக்கிறது. அது சட்டப்படியான உடல் சோதனை அல்ல.

ஒரு செப்புக் கம்பிச் சுருள் பையில் அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் தன் முதலாளியின் பொருளைத் திருடுவது பி.என்.எஸ். 306-ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை தண்டனைக்குரியது, ஜாமீனில் வர முடியாதது. ஆகவே நிரந்தர ஊழியரை நிறுத்திவைத்துப் போலீஸை அழைப்பதில் சட்டச் சிக்கல் குறைவு. பிடிபட்டவர் கான்ட்ராக்ட் தொழிலாளி என்றால், அவருடைய முதலாளி கம்பெனியா, கான்ட்ராக்டரா என்ற வாதமே முதலில் எழும். பழைய இரும்பு பொறுக்க உள்ளே வந்த வெளியாள் என்றால், பொருள் 5,000 ரூபாய்க்குத் தேறுமா என்று பார்க்க வேண்டும். பெரிய தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. போலீஸுக்குப் போன் போடுவதற்கு முன் ஹெச்.ஆர். அதிகாரிக்குப் போன் போகிறது. அவர் வரும்வரை ஆள் செக்யூரிட்டி அறையில். வந்ததும் விசாரணை, வெள்ளைத்தாளில் கையெழுத்து, ‘இதுக்கு முன்னாடி என்னென்ன எடுத்தே’ என்ற கேள்வி, சில சமயம் அறை. காலையில் பிடித்தவரை மாலையில் ‘எழுதி வாங்கிக்கொண்டு’ அனுப்பிவிடுகிறார்கள். கம்பெனிப் பெயர் கெடாமல் முடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அங்கே நடந்தது கைதே அல்ல. போலீஸிடம் ஒப்படைக்காத பிடிப்பு, ஒப்புதல் வாங்குவதற்கான முறையற்ற அடைப்பு. தொழிலாளி புகார் கொடுத்தால், கம்பிச் சுருளின் மதிப்பைவிடப் பெரிய வழக்கு செக்யூரிட்டியின் தலையில் விழும். அவரை அப்படிச் செய்யச் சொன்ன அதிகாரி அன்று பக்கத்தில் நிற்பாரா என்பது வேறு விஷயம்.

எல்லையோர ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். திருடனை விரட்டிக்கொண்டு பைக்கில் அத்திப்பள்ளி வரை போய்ப் பிடித்தவர்கள், ‘நம்ம ஸ்டேஷனுக்கே கொண்டுபோவோம்’ என்று வண்டியில் ஏற்றித் திரும்புவது இயல்பான எண்ணம். குற்றவாளியை இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் துரத்திச் சென்று பிடிக்கும் அதிகாரத்தைச் சட்டம் போலீஸ் அதிகாரிக்கு வெளிப்படையாகவே தந்திருக்கிறது. தனிநபருக்கு அப்படி எழுதி வைக்கவில்லை. பக்கத்து ஸ்டேஷன் என்று சட்டம் சொன்னால், பிடித்த இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன். அது கர்நாடக ஸ்டேஷனாக இருந்தாலும் சரி. எந்த எல்லையில் குற்றம் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் பதிவு செய்யலாம் என்ற ஏற்பாடு (பி.என்.எஸ்.எஸ். 173) இதற்காகவே இருக்கிறது. ஒருவரை வண்டியில் ஏற்றி மாநில எல்லையைக் கடத்திக் கொண்டுவருவது, நாளை நீதிமன்றத்தில் கடத்தலாகவே வாதிடப்படும்.

அடியால் வழக்கும் சாகிறது

நாலு சாத்து சாத்தினால்தான் உண்மை வரும் என்ற நம்பிக்கையை நீதிமன்றம் நேர் எதிராகப் பார்க்கிறது. மிரட்டலாலும் வற்புறுத்தலாலும் வந்த ஒப்புதல் செல்லாது என்று சாட்சியச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. கைகள் கட்டப்பட்டு, வாயோரம் ரத்தத்தோடு, ‘ஆமா, நான்தான் எடுத்தேன்’ என்று ஒருவர் சொல்லும் செல்போன் வீடியோ, திருட்டை நிரூபிக்காது. அடித்தவர்களைத்தான் அடையாளம் காட்டும். ரிமாண்டுக்கு வரும் கைதியின் உடலில் காயங்களைப் பார்த்தால், மாஜிஸ்திரேட்டின் முதல் கேள்வி அதைப் பற்றியதாக இருக்கும். பத்துக் கை பட்ட திருட்டுப் பொருள், யாரிடமிருந்து எப்போது கைப்பற்றப்பட்டது என்ற கணக்கை இழந்துவிடுகிறது. பார்த்த சாட்சியோ அடித்தவர்களில் ஒருவராக இருப்பதால், நீதிமன்றப் படியேறவே அஞ்சுவார். திருடன் வெளியே வர, அவனைப் பிடித்தவர்களே வழி செய்து கொடுத்ததாக முடியும்.

நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பது கவசம் ஆகாதா? ஓரளவு ஆகும். உண்மைகளைப் பற்றிய நேர்மையான பிழையை பி.என்.எஸ். 17-ஆவது பிரிவு மன்னிக்கிறது. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதை மன்னிப்பதில்லை. உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணமாகக் கொள்ள முடியாது என்றும் சட்டம் வரையறுத்திருக்கிறது. அந்த நல்லெண்ணத்தை நிரூபிக்க வேண்டிய சுமையும் பிடித்தவர் தலையில்தான். போதாக்குறைக்கு, முறையில்லாத பிடியிலிருந்து திமிறி விடுபடும் தற்காப்பு உரிமை பிடிபட்டவருக்கும் உண்டு.

‘போலீஸ் வருவதற்குள் ஓடிவிட மாட்டானா?’

இவ்வளவு சொன்னாலும் எழும் முதல் எதிர்க்கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஓடத்தான் செய்வான், சில சமயம். ஆனால், ஓடிய திருடனைப் பிடிக்க வழிகள் உண்டு. தவறாக அடித்துக் கொன்றவரை மீட்க வழியே இல்லை. ஓசூரே இதற்கு நல்ல உதாரணம். 2021 ஜனவரி 22 அன்று பாகலூர் சாலையில் தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் முகமூடிக் கும்பல் துப்பாக்கி முனையில் சுமார் 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனது. நகைப் பையில் இருந்த ஜி.பி.எஸ். கருவியைப் பின்தொடர்ந்து, மாநிலங்களைத் தாண்டி போலீஸார் தகவல் பரிமாறிக்கொள்ள, மறுநாளே ஹைதராபாத் அருகே கும்பல் சிக்கியது. துப்பாக்கியோடு வந்தவர்களைக் கூட்டம் மறித்திருந்தால் தங்கமும் போயிருக்கும், உயிரும் போயிருக்கும். வண்டி எண், போன திசை, உடுத்தியிருந்த உடை, நேரம் என்று பார்த்தவர் சொல்லும் நான்கு விவரங்கள், பிடரியில் விழும் நாற்பது அடிகளைவிடப் போலீஸுக்கு உதவும்.

துணிச்சலைப் பாராட்டக் கூடாதா என்பது இரண்டாவது கேள்வி. 2018 ஏப்ரலில் சென்னை அண்ணா நகரில் பெண் மருத்துவரின் சங்கிலியைப் பறித்து ஓடியவரை 17 வயதுப் பையன் ஒருவன் விரட்டிப் பிடித்தான். மாநகரக் காவல் ஆணையரே அழைத்துப் பாராட்டிப் பரிசளித்தார். 2019 ஆகஸ்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையரை, நாற்காலிகளை வீசியே விரட்டிய முதிய தம்பதிக்கு, அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழக அரசு வீர விருது தந்தது. இரண்டையும் கூர்ந்து பாருங்கள். முதலாவது, கண்முன் நடந்த பறிப்பு, உடனடி விரட்டல், ஒப்படைப்பு. அதாவது 40-ஆவது பிரிவு சொன்னபடியே நடந்த கைது. இரண்டாவது கைதே அல்ல, சுத்தமான தற்காப்பு. கொள்ளையர் ஓடியதும் அவர்கள் துரத்திப்போய்க் கட்டிவைக்கவில்லை. சமூகம் கொண்டாடிய இரண்டு துணிச்சலுமே சட்டத்தின் கோட்டுக்குள் நின்றவை. கோட்டுக்குள் நின்று துணிவது முடியாத காரியம் அல்ல என்பதற்கு இவையே சாட்சி.

மூன்றாவது வாதம் இன்னும் கனமானது: அதிகாரம் இவ்வளவு குறுகலாக இருந்தால் நல்லவர்கள் ஒதுங்கிவிட மாட்டார்களா? கனடாவில் இதே கேள்வி எழுந்தது. டொரண்டோவில் 2009-இல் ஒரு கடைக்காரர், திருடிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவரைப் பிடித்துக் கட்டிவைத்தார். அவர் மேலேயே வழக்குப் பாய்ந்தது. நீதிமன்றம் விடுவித்தது, மக்கள் கொதித்தார்கள், குற்றம் நடந்த நியாயமான காலத்துக்குள்ளும் பிடிக்கலாம் என்று 2013-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். ஆனால், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் எதிர்த்திசையில் போனது. அங்கே 1863 முதல் இருந்த சட்டம் சந்தேகத்தின் பேரிலும் பிடிக்க இடம் தந்தது. 2020 பிப்ரவரியில் தெருவில் ஓட்டப்பயிற்சி செய்துகொண்டிருந்த கறுப்பின இளைஞரை, திருடன் என்று சந்தேகித்து மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தி மறித்தார்கள். அவர்களில் ஒருவர் சுட்டுக் கொன்றார். குடிமகன் கைது செய்ய முயன்றோம் என்றே வாதாடினார்கள். மூவருக்கும் ஆயுள் தண்டனை. 2021 மே மாதம் அந்தப் பழைய சட்டமும் ரத்து. நம் ஊர்கள் இந்த இரண்டில் எதற்கு நெருக்கம்? கடைக்காரரின் நஷ்டம் நம்மிடமும் உண்மைதான். ஆனால் சாதியும் மொழியும் பிறந்த ஊரும் பார்த்துச் சந்தேகம் விழும் நாட்டில், ஜார்ஜியாவின் பாடமே நமக்கு முதலில் வேண்டியது. இந்தியச் சட்டம் சந்தேகத்துக்கு இடம் தராமல் விட்டது குறையல்ல. அதன் மிகப் பெரிய பலம்.

அரசுக்கும் பங்கு உண்டு

மக்களைப் போலீஸ் வேலைக்கு அரசே இழுத்த கதையும் நம்மிடம் இருக்கிறது. 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்புக்கு, சாத்தான்குளம் தந்தை–மகன் காவல் மரணங்களில் தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்ததைத் தொடர்ந்து, 2020 ஜூலையில் தமிழக அரசு தடை போட்டது. சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களுக்குத் துப்பாக்கி கொடுத்துச் சிறப்புப் போலீஸாக்கிய ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2011-இல் செல்லாது என்றது. பயிற்சியும் பொறுப்பும் இல்லாதவர் கையில் அதிகாரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு இவை போதும்.

ஓசூர் போன்ற தொழிற்பேட்டைகளில் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. 40-ஆவது பிரிவு என்ன தருகிறது, என்ன தரவில்லை என்பதைச் செக்யூரிட்டி பயிற்சியில் கட்டாயப் பாடமாக்கி, கேட்டில் தமிழிலும் இந்தியிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டலாம். ஆள் பிடிபட்டால் ஹெச்.ஆருக்கு முன் ஸ்டேஷனுக்குப் போன் போக வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியும் எழுத்தில் உத்தரவிடலாம். ஷிப்ட் மாறும் நேரங்களில் ரோந்து வண்டி தெருவில் நின்றாலே, கூட்டம் கயிற்றைத் தேடாது. அடித்தவர்கள் மேல் வழக்குப் பதிவாகாமல் போவதும் இந்த அடி தொடர்வதற்கு ஒரு முக்கியக் காரணம். திருட்டு வழக்கு ஒன்று பதிவாகும்போது, பிடிபட்டவரின் காயங்களுக்கும் தனி வழக்குப் பதிவானால், அடுத்த முறை கை ஓங்குகிறவர் ஒரு நொடி யோசிப்பார். செய்தி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடித்ததைப் பாராட்டும் தொனியில் அந்த ஒற்றை வரியை எழுதுவதை நிறுத்தலாம்.

---
பெட்டிச் செய்தி: கண்முன் குற்றம் நடந்தால்...

● முதல் வேலை 112. குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098.

● ஆயுதம் இருந்தால் நெருங்க வேண்டாம். வண்டி எண், அடையாளம், போன திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

● பிடிக்க நேர்ந்தால் உட்கார வைத்து, சுற்றிலும் நில்லுங்கள். அடிக்க வருகிறவர்களைத் தடுப்பது பிடித்தவரின் பொறுப்பு.

● பிடித்த நேரத்தையும் ஒப்படைத்த நேரத்தையும் எழுதிவையுங்கள். பொருளைக் கைமாற்ற வேண்டாம்.

● மொழி தெரியாதவர் என்றால், அவர் மொழி பேசும் ஒருவரை அழைத்த பிறகே பேச்சு.
---

ஆறு மணி நேரம் என்று சட்டம் எழுதியிருப்பது உச்சவரம்பு, இலக்கு அல்ல. நகரத்துக்குள் நடக்கும் நியாயமான ஒரு குடிமகன் கைது, சில நிமிடங்களில் போலீஸ் கைக்கு மாறி முடிந்துவிட வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் அடி விழாமல் கழிவதற்குப் பிடித்தவர் பொறுப்பு. அவை மணிக்கணக்காக நீளாமல் பார்த்துக்கொள்வதற்கு, மக்களிடம் பொறுமை கேட்கும் காவல் துறை பொறுப்பு. இந்த இரண்டில் எது தவறினாலும் அடுத்த வழக்கில் குற்றவாளிகளாக நிற்கப்போவது திருடர்கள் மட்டுமல்ல.